அத்தானின் பழைய காப்புறுதிக் கடதாசிகள்

எனது அத்தான் எழுபதுகளின் நடுப்பகுதி தொடக்கம் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ட்றை கிளீனிங் கடை நடத்தியவர். அவர் காலமான பின்னர் அக்கா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குத் திரும்பி எங்களோடு இருக்கிறார். கடை இருந்த கட்டிடம் மட்டும் அவரது பெயரில் அங்கேயே இருந்தது. அதை விற்க முற்பட்டபோது, வாங்க வந்தவருக்குக் கடன் கொடுக்கவிருந்த வங்கி மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதிக்கச் சொன்னது. துணி சுத்தஞ்செய்யப் பயன்படும் பெர்குளோரோஎதிலீன் என்ற கரைப்பான் இரண்டிலும் இருந்தது. அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு லீற்றருக்கு 5 மைக்ரோகிராம் மாத்திரமே. இந்தத் திரவம் நீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஆகையால் எண்ணெய் போல மேலே மிதக்காமல் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகும். விற்பனை அத்தோடு நின்றுவிட்டது.

அந்த மாநிலத்தில் 1976 ஆம் ஆண்டின் கசிவுச் சட்டப்படி, கவனயீனம் இருந்ததா இல்லையா என்று பார்க்காமலே, மாசுக்குக் காரணமானவர் சுத்திகரிப்புச் செலவைப் பொறுக்க வேண்டும். மதிப்பீடாக வந்த தொகை கட்டிடத்தின் விலையை விஞ்சியது. அங்குள்ள சட்டத்தரணி எங்களிடம் முதலில் கேட்டது பணத்தைப் பற்றியல்ல. 1986 இற்கு முன்னர் கடைக்கு எடுத்த பொறுப்புக் காப்புறுதிப் பத்திரங்கள், அதாவது கடையால் பிறருக்கு நேரும் சேதத்துக்குப் பணம் கொடுப்பவை, இருக்கின்றனவா என்பதைத்தான். நாற்பது வருடங்களுக்கு முன்னர் காலாவதியான பத்திரத்தால் என்ன பயன் என்று, வங்கியில் வேலை செய்து இளைப்பாறிய எனக்கே தோன்றியது.

அவர் விளக்கிய விடயம் இதுதான். அக்காலப் பத்திரங்கள், உரிமைக் கோரிக்கை எப்போது வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை. சேதம் எப்போது நிகழ்ந்தது என்பதையே பார்க்கின்றன. 1979 இல் தரைக்குள் கசிந்த கரைப்பானுக்கு 1979 ஆம் ஆண்டுப் பத்திரம் இன்றும் பதில் சொல்ல வேண்டும். காப்புறுதிக் கொம்பனிகள் பொதுவாகப் பயன்படுத்திய 1973 ஆம் ஆண்டு நிலையான வாசகத்தில் மாசு விலக்கு சேர்க்கப்பட்டபோதும், 'திடீரெனவும் தற்செயலாகவும்' நடந்த வெளியேற்றத்துக்கு விதிவிலக்கு இருந்தது. 1986 இல் அந்த வழியும் அடைபட்டது. மாசு என்றாலே பணம் இல்லை என்ற முழுமையான விலக்கு அவ்வாண்டிலிருந்து வந்தது. பல வருடங்களாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்ததைத் 'திடீர்' என்று சொல்ல முடியாதே என்று கேட்டேன். நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் 1993 இல் மோர்ட்டன் வழக்கில் அந்த விலக்கைக் காப்புறுதியாளர்கள் அப்படியே பயன்படுத்த விடவில்லை. அவ்வாசகத்துக்கு அனுமதி கேட்டபோது அதன் உண்மையான விளைவை மாநிலத்தின் காப்புறுதி ஒழுங்குபடுத்துவோருக்கு அவர்கள் வெளிப்படுத்தவில்லை என்பதே காரணம். வேறு மாநிலத்தில் இதே கடதாசிகள் இதே பலனைத் தந்திருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இனி வேலை கொக்குவிலில் ஆரம்பித்தது. அக்கா அனுப்பிவைத்த பெட்டிகள் பின் அறையில் றங்குப்பெட்டியோடு அடுக்கியிருந்தன. "உதெல்லாம் பழைய குப்பை, ஏன் தம்பி மினக்கெடுறாய்?" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். முழுமையான பத்திரம் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனால் அத்தான் காசோலை அடிக்கட்டைகளை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் காப்புறுதி முகவரின் பெயரும் தவணைத் தொகையும் அவரது சாய்ந்த எழுத்தில் இருந்தன. அடைமானக் கோப்பொன்றுக்குள், குண்டூசியின் துரு இறங்கிப் பழுப்பு வட்டம் விழுந்த மெல்லிய கார்பன் பிரதி ஒன்று கிடைத்தது. கடன் கொடுத்த வங்கிக்கு முகவர் அனுப்பிய காப்புறுதிச் சான்றிதழ் அது. பத்திர எண், காலம், பொறுப்பின் உச்ச வரம்பு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. எண்ணின் முன்னிருந்த எழுத்துகளைக் கொண்டே எந்த வகைப் படிவம் என்பதைச் சட்டத்தரணி அமர்த்திய நிபுணர் கண்டுபிடித்தார். அந்த ஆண்டின் நிலையான வாசகத்தைத் தேடியெடுத்து இணைத்தார். பழைய பத்திரங்களைத் தேடித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அங்கு இருக்கிறார்கள். தீக்காப்புறுதி என்று எழுதிய கடதாசிகளையும் ஒதுக்க வேண்டாம் என்று அவர் சொன்னது பயன்பட்டது, ஏனெனில் சிறு கடைகளுக்குத் தீயும் பொறுப்பும் ஒரே பொதியாகவே விற்கப்பட்டன.

ஒரு கொம்பனி கைமாறிப் பெயர் மாறியிருந்தது. இப்போதைய உரிமையாளர் யார் என்பதை மாநிலக் காப்புறுதித் திணைக்களம் சொல்லிவிட்டது. அக்கா யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசியில் கையொப்பமிட்டார். பிறகு கண்டுபிடித்த எல்லாக் கொம்பனிகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவித்தல் போனது. வந்த பதில்கள் அனைத்தும், பின்னர் மறுக்கும் உரிமையைக் கைவிடாமல் இப்போதைக்கு விசாரிப்பதாகச் சொல்பவை. படித்ததும் மறுப்புக் கடிதம் என்று அக்கா கலங்கிவிட்டார். அது வழக்கமான முதல் பதில்தான்.

மிகவும் இழுபட்டது பங்கீடு. நியூ ஜேர்சி உயர் நீதிமன்றத்தின் 1994 ஆம் ஆண்டு ஓவன்ஸ்-இலினோய்ஸ் தீர்ப்பின்படி, சேதம் தொடங்கியதிலிருந்து வெளிப்படும் வரையான ஆண்டுகளுக்குச் செலவு பரப்பப்படுகிறது. எடுக்கக்கூடிய காப்புறுதியை எடுக்காமல் விட்ட ஆண்டுகள் கடைக்காரரின் தலையில் விழும். சந்தையில் அத்தகைய காப்புறுதியே கிடைக்காத ஆண்டுகள் அவ்வாறு விழுவதில்லை. அதே நீதிமன்றம் இதை 2018 இலும் உறுதிப்படுத்தியது. எனவே 1986 இற்குப் பிறகு கிடைத்திருக்க வாய்ப்பில்லை என்று காட்டுவதற்கே எங்கள் கடிதங்களில் பாதி செலவானது.

நிலத்தடி நீர் மட்டும் அசுத்தமாகாமல் இருந்திருந்தால் இந்த முயற்சி பெரிதாக ஓடியிராது. சொந்தச் சொத்தின் சேதத்தை இப்பத்திரங்கள் விலக்குகின்றன. நிலத்தடி நீர் அத்தகைய தனிச்சொத்தல்ல. எங்கள் பக்கத்துச் சுண்ணாகத்து மின்நிலைய எண்ணெய் கிணறுகளுக்குள் வந்ததைப் பார்த்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமாக இருக்கவில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஓடும் நீருக்கு வேலி இல்லை. அந்த வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் 2019 இல் அந்த மின்நிலையத்தை நடத்திய தனியார் கொம்பனியை இரண்டு கோடி ரூபா செலுத்தும்படி பணித்தது. பாதிக்கப்பட்டோர் பலரும் அது போதாது என்றுதான் இன்றும் சொல்வார்கள்.

ஒரு கொம்பனி எங்களோடு உடன்பட்டுவிட்டது. பத்திரத்தையே திரும்ப வாங்கி, ஒரே தொகையாகத் தந்து, எதிர்காலக் கோரிக்கைகள் அனைத்தையும் முடித்துக்கொள்ள அது முதலில் விரும்பியது. சுத்திகரிப்பு எவ்வளவு காலம் போகும் என்று தெரியாத நிலையில் அதற்கு நான் இணங்கவில்லை. செலவு வரவரத் தன் பங்கைச் செலுத்துவதாக இப்போது ஒப்பந்தம். மற்றக் கொம்பனி 1983 ஆம் ஆண்டுப் பத்திரத்தை இன்னும் ஏற்கவில்லை. அந்த ஆண்டின் அடிக்கட்டைகளை ஸ்கான் செய்து அனுப்பியிருக்கிறோம், அத்தானின் கணக்காளருடைய மகனும் பழைய கோப்புகளைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.