அப்பாயி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு

2009 ஜூலையில் இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து வவுனியாவுக்குப் போனபோது, போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கு உடுப்பும் பால்மாவும் சேர்ப்பது மட்டும்தான் எங்கள் வேலை. பிள்ளைகளை அழைத்து வருவோம் என்று யாரும் நினைக்கவில்லை.

தாய் தகப்பனை ஷெல்லுக்குப் பறிகொடுத்த பிள்ளைகள் இருந்த ஓர் இல்லத்தில் அவனைப் பார்த்தேன். ஒன்பது வயது. நாலு வயதுத் தங்கைக்கு ஊட்டிவிட்டு, தட்டில் மிஞ்சியதைத்தான் சாப்பிட்டான். சொந்தக்காரர் யாரும் உண்டா என்று கேட்டேன்.

"அப்பாயி மலையில் இருக்கிறார், மாமா."

வன்னிப் பிள்ளைகள் அப்பம்மா என்பார்கள். அப்பாயி நம் லயத்துச் சொல், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் புழங்குவது. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பிறகு உயிருக்குப் பயந்து மலையகத்திலிருந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் எத்தனையோ பேர். இவன் தகப்பனும் சின்ன வயதில் பெரியப்பாவோடு அப்படிப் போனவர்தான்.

அப்பாயி இருந்த தோட்டத்தைக் கண்டுபிடிக்கவே மூன்று வாரம் போனது. பையன் சொன்ன பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் அழைப்பது வேறொன்று. பொகவந்தலாவைப் பக்கத்து வயதான கங்காணி ஒருவர்தான் கேட்டவுடன் இடத்தைச் சொன்னார்.

அப்பாயியைக் கண்டதும், பிள்ளைகளை அப்படியே கூட்டி வந்துவிடலாம் என்று மனம் பறந்தது. நல்ல வேளை, ஒரு சட்டத்தரணி தடுத்தார். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் கூட்டி வந்தால், பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்பதற்கு ஓர் எழுத்தும் இருக்காது. இப்படியான வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதன் பிறகு கடதாசிகளோடு போராட்டம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டன. உத்தேச வயதுப் பத்திரம் எடுத்தோம். தகப்பனின் பெயர் அவருடைய பிறப்புப் பதிவில் ஒரு மாதிரியும், அப்பாயியின் குடும்பக் கடதாசிகளில் வேறு மாதிரியும் இருந்தது. ஓர் அலுவலகத்தில் அந்த ஓரெழுத்து வித்தியாசத்துக்காக நான்கு தடவை திருப்பி அனுப்பினார்கள். கொழுந்தெடுக்கிற நாட்கூலியை விட்டுவிட்டு எழுபது வயது மனுஷி அந்த வாங்கில் காத்திருந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கடைசியில் இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்தோம். கிராம உத்தியோகத்தரின் கடிதம் கிடைத்தது. நன்னடத்தை உத்தியோகத்தர் லயத்துக்கே வந்து அப்பாயி குடியிருந்த காம்பராவை, அந்த அறையைப் பார்த்து அறிக்கை எழுதினார்.

தங்கையை வேறோர் இல்லத்துக்கு மாற்றும் பேச்சும் நடுவில் எழுந்தது. இருவரையும் ஒரே கட்டளையில் கேட்டதால்தான் பிரியாமல் வந்தார்கள். இதில் ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அக்டோபரில் கட்டளை கிடைத்தது. மதவாச்சிச் சோதனைச்சாவடியில் அதைக் காட்டிவிட்டு, தம்புள்ளை, கண்டி வழியாக வந்தோம். கினிகத்தேனையைத் தாண்டியதும் குளிர் ஏறியது. பையன் தன் சட்டையைக் கழற்றித் தங்கைக்குப் போர்த்தினான். என் ஸ்வெட்டரை அவனுக்குப் போட்டுவிட்டேன்.

லயத்து வாசலில் அப்பாயி அழவில்லை. இருவர் முகத்தையும் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய் றொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்தார். பையன் வழக்கம்போல றொட்டியைப் பிய்த்துத் தங்கையின் வாயருகே நீட்டினான். அப்பாயி அந்தக் கையைப் பிடித்து அவன் வாய்ப்பக்கமே திருப்பினார்.

"அவளுக்கு நான் ஊட்டுகிறேன். நீ சாப்பிடு, சாமி."

அவன் மூன்று றொட்டி சாப்பிட்டான்.