கூடுதலாக இருந்த சரக்கு

ஒரு தொழிற்கூடத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்வேன். ஒருவருடைய பக்தி எப்படிப்பட்டது என்பதை அவருடைய பயணப்படி பில் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். பேருந்தில் போய்விட்டு வாடகைக் காரில் போனதாக எழுதுகிறாரா, ஓவர்டைம் நேரத்தை இழுத்துப் போடுகிறாரா, எல்லாம் எங்கள் மேஜைக்குத்தான் வரும். நான் கிறிஸ்தவன். கிறிஸ்தவர் யாருடைய பில்லாவது வந்தால் பக்கத்து மேஜைக்காரர் அதை என் பக்கம் தள்ளி, "உங்க ஆளுதான், பாருங்க" என்பார். கிண்டல் பாதி, கவனிப்பு பாதி.

ஸ்டோர்ஸ் பொறுப்பில் ஒரு பெரியவர் இருந்தார். வேலை நேரத்தில் அவர் மதம் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு வரமாட்டார், அதை வைத்துத்தான் பலருக்கும் அவர் கிறிஸ்தவர் என்று தெரியும். வருடக் கடைசியில் சரக்கைச் சரிபார்ப்பார்கள். குறைந்தால் ஸ்டோர்ஸ்காரர் பதில் சொல்லியாக வேண்டும். கூடுதலாக இருந்தால்? பெரும்பாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. கணக்கில் ஏற்றாமல் ஓரமாக வைத்துக்கொண்டால், அடுத்த முறை குறையும்போது அதைக் கொண்டு நேர்செய்துவிடலாம். இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, சாமர்த்தியம் என்றுதான் சொல்வார்கள்.

பெரியவர் கூடுதலையும் எழுதுவார். ஒருமுறை பின் கார்டில், அதாவது ஒவ்வொரு சரக்குக்கும் வைத்திருக்கும் இருப்பு அட்டையில், இருந்த இருப்பைவிட அலமாரியில் பேரிங் பெட்டிகள் அதிகமாக இருந்தன. தணிக்கைக்கு வந்த இளைஞர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "விடுங்க ஐயா, கூடத்தானே இருக்கு."

"கூட இருந்தாலும் கணக்கு தப்புதானே தம்பி" என்று சொல்லிவிட்டு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அந்தக் கடிதத்தால் அவருக்கே ஒரு மெமோ வந்தது. ஆனால் விசாரித்ததில் விஷயம் வெளிப்பட்டது. ஒரு பிரிவுக்கு வழங்கியதாகப் பதிவு போட்டிருக்கிறார்கள், சரக்கை யாரும் எடுத்துப் போகவில்லை. வராத பொருளுக்கு அந்தப் பிரிவின் செலவில் தொகை ஏறியிருந்தது. அதைக் கழித்து நேர்செய்தோம். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்' என்ற மத்தேயு 5:37-ஐ சத்தியம் செய்யக்கூடாது என்பதற்கான வசனமாகவே கேட்டுப் பழகியிருந்தேன். அது சரக்கு இருப்புக்கும் பொருந்தும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இதற்கு நேர் எதிராகவும் ஒருவர் இருந்தார், ஒரு பிரிவின் தலைவர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வசன அட்டை, கூட்டம் தொடங்குமுன் கண்ணை மூடி ஒரு ஜெபம். ஜெபத்தில் குறை சொல்ல நான் யார்? ஆனால் மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் நல்லது நடந்தால் அவர் பெயர், தப்பு நடந்தால் கீழே இருப்பவர் பெயர். தற்காலிகப் பணியாளர்களின் ஓவர்டைம் மணிகளை மாதக் கடைசியில் பேனாவால் அடித்துவிடுவார். அவரிடம் வேலை பார்த்த பெண் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அவர் கண்ணை மூடினாலே எனக்கு வயிறு கலங்குது அண்ணா. உங்க சர்ச்சுல இதையெல்லாம் கேக்கமாட்டாங்களா?"

கேட்க வேண்டும்தான். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. அந்த வசனத்தை எந்த மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் நான் இதுவரை பார்த்ததில்லை.

லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் ஆயக்காரர்கள், அதாவது வரி வசூலிப்பவர்கள், யோவான் ஸ்நானகனிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். சேவகர்களிடம், அதாவது படைவீரர்களிடம், யாருக்கும் இடுக்கண் செய்யாமல், பொய்யாய்க் குற்றம் சாட்டாமல், சம்பளம் போதும் என்று இருங்கள் என்றார். வரி, சம்பளம், பொய்ப் புகார். எங்கள் பிரிவுக்கு வந்து பேசியது போலவே இருக்கும்.

நல்ல நடத்தையால் மற்றவர்களை ஆதாயப்படுத்த வேண்டும், அதாவது விசுவாசத்துக்குள் கொண்டுவர வேண்டும், என்று சபைக் கூட்டங்களில் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. ஆளைப் பிடிக்கக் காட்டும் அன்பு சீக்கிரம் வெளுத்துவிடும். உடன் வேலை செய்பவர்கள் நாள் முழுக்க நம்மைப் பார்க்கிறவர்கள், அவ்வளவு எளிதில் ஏமாறமாட்டார்கள். அப்புறம், நேர்மை நமக்கு மட்டும் பட்டா போட்ட நிலமும் இல்லை. அந்தப் பக்கத்து மேஜைக்காரர் ஆலயத்தின் வாசலைக்கூட மிதித்தவரில்லை. தன் சம்பளத்தில் தவறாகக் கூடுதலாக ஏறிய தொகையை அவரே கண்டுபிடித்துத் திருப்பிக் கட்டினார். "உங்க ஆளுதான்" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

பெரியவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அவருடைய சபையைச் சேர்ந்த ஒருவர் எங்கள் தொழிற்கூடத்திலேயே இருந்தார். கேட் பாஸ் இல்லாமல் கொஞ்சம் கழிவுக் கம்பி எடுத்துப்போக வந்து, "பிரதர், நமக்குள்ள என்ன இருக்கு" என்று ஆரம்பித்தார். "பாஸ் போட்டுட்டு வாங்க பிரதர்" என்றார் பெரியவர். வந்தவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே பெட்டி இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவர்கிட்ட எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் சார்" என்றார். அடுத்த வாரம் அந்தத் தொழிலாளி கொண்டுவந்த சரக்குச் சீட்டிலும் ஒரு கையெழுத்து குறைந்தது. சீட்டு திரும்பி வந்தது. முணுமுணுத்துக்கொண்டே வாங்கிவரப் போனார்.