பில் தொகையும் கைக்கு வந்த தொகையும்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டிய ஊர்களில் எங்கே இறங்கினாலும் ஒரு சிறு கான்ட்ராக்டரின் வேலை கண்ணில் படும். மீன் ஏலக்கூடம், வலை பின்னும் கூடம், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், பேவர் பிளாக் பதித்த தெரு, ஊரணிப் படித்துறை, குடிநீர்த் தொட்டி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலம் மாதிரியான வேலைகளுக்குப் பெரிய கம்பெனிகள் வருவார்கள், தனியாகக் கணக்குப் பிரிவே வைத்திருப்பார்கள். நான் சொல்வது ஐந்து லட்சம், பத்து லட்சம், மிஞ்சிப்போனால் முப்பது லட்சத்துக்குள் முடிகிற வேலைகளை. இவற்றை எடுத்துச் செய்பவர்களுக்குத்தான் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து பல வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன்.

இவர்களில் பலர் கொத்தனாராகவோ மேஸ்திரியாகவோ தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தவர்கள். ஒரு தூணுக்கு எத்தனை மூடை சிமெண்டு, எத்தனை கிலோ கம்பி என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். வரியை மறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் நோட்டீஸ் வருகிறது. வந்த நோட்டீஸ்களைப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரே காரணம்தான் இருக்கும். பாங்கில் வந்து விழுந்த தொகையையே வரவு என்று எழுதியிருப்பார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்ச ரூபாய் வேலை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் பில் ரூ.11,80,000. அரசு அலுவலகம் பணம் கொடுக்கும்போது வருமான வரிக்காக 1 சதவீதம், அதாவது ரூ.10,000 பிடிக்கும். இது தனிநபர் பேரில் தொழில் செய்பவர்களுக்கு; பார்ட்னர்ஷிப் என்றால் 2 சதவீதம். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பதால் ஜிஎஸ்டி டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 2 சதவீதம், ரூ.20,000. இந்தப் பிடித்தம் 2018 அக்டோபர் 1 முதல் நடக்கிறது. தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், ரூ.10,000. பராமரிப்புக் காலம் முடியும்வரை நிறுத்தி வைக்கும் டெபாசிட் ரூ.25,000 என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் பாங்கில் ஏறுவது ரூ.11,15,000. ஜல்லி, கிராவல் போட்ட வேலை என்றால் சீனியரேஜ், அதாவது கனிமத்துக்கான அரசுக் கட்டணப் பிடித்தமும் சேரும். குவாரி நடைச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால் அதைக் காட்டிப் பேசலாம்.

"எனக்கு வந்ததே பதினொன்னே சொச்சம்தாண்ணே, நீங்க என்ன பதினொன்னு எம்பதுன்னு எழுதுறீங்க?" என்று பெரியபட்டினம் பக்கத்துத் தம்பி ஒருவர் கோபமாகவே கேட்டார். அவர் கோபம் நியாயம்தான். கையில் வராத பணத்தை வரவு என்று எழுதினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அந்தப் பதினொன்று பதினைந்துக்குள்ளே அவருக்குச் சொந்தமில்லாத பணம் இருக்கிறது, வெளியே நிற்கிற அறுபத்தைந்தாயிரத்திலே அவருக்குச் சொந்தமான பணமும் இருக்கிறது. பாஸ்புக்கைப் பார்த்து எழுதினால் இந்த இரண்டுமே தெரியாது.

சொந்தமில்லாத பணம் எது? அந்த ரூ.1,80,000 ஜிஎஸ்டி. சிமெண்டு, கம்பி வாங்கியதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டியாக வேண்டும். அது பாங்கில் கிடக்கும்போது லாபம் மாதிரியே தெரியும். அடுத்த வேலைக்குக் கம்பி எடுக்க, கம்பிக் கடைப் பாக்கியை அடைக்க, வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் அதற்கு என்று கரைந்துவிடும். அடுத்த மாதம் வரி கட்ட வேண்டிய இருபதாம் தேதி வரும்போது கட்டப் பணம் இருக்காது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதனால் பில் பணம் ஏறிய அன்றைக்கே வரிப் பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடச் சொல்கிறேன். ஜிஎஸ்டி மென்பொருள் எதுவும் செய்யாத உதவியை அந்த இரண்டாவது பாஸ்புக் செய்கிறது.

வெளியே நிற்கிற பணத்துக்கு வருவோம். வருமான வரியில் பிடித்த ரூ.10,000, அலுவலகம் காலாண்டு அறிக்கையில் இவருடைய பான் எண்ணைச் சரியாகப் போட்டிருந்தால் மட்டுமே இவர் பேரில் வரும். ஓர் எழுத்து மாறினால் போச்சு. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கப் போகும்போது, அந்த சீட்டில் இருந்த எழுத்தர் வேறு ஒன்றியத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார். அதனால் நம் பேரில் ஏறிய பிடித்தங்களைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை வருடக் கடைசியில் பார்க்காமல், ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் பார்ப்பது வழக்கம் ஆக வேண்டும். ஜிஎஸ்டியில் பிடித்த ரூ.20,000 தானாக வந்து சேராது. போர்ட்டலில் டிடிஎஸ் வரவு என்ற பகுதிக்குள் போய் 'ஏற்கிறேன்' என்று கொடுத்து, தாக்கல் செய்தால்தான் மின்னணு ரொக்கப் பேரேட்டில் ஏறும். ஏறிய பிறகு அதை வைத்தே அந்த மாத வரியைக் கட்டலாம். வேறு இடத்திலிருந்து என்னிடம் மாறி வருகிற பார்ட்டிகளின் போர்ட்டலைத் திறந்ததும் நான் முதலில் போவது இந்தப் பகுதிக்குத்தான். வருடக்கணக்கில் ஏற்காமல் கிடக்கிற வரிசையைப் பார்த்தால் வயிறு எரியும். வட்டிக்கு வாங்கி வரி கட்டிய மனிதருடைய சொந்தப் பணம் அது.

இந்தக் கரையின் பருவமும் கணக்கில் வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், வேலை நகராது. தை பிறந்த பிறகுதான் வேகம் எடுக்கும். நிதியாண்டு முடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் மாசி, பங்குனியில் எல்லோரும் எம்.புக் (முடிந்த வேலையின் அளவுப் புத்தகம்) எழுத ஓவர்சியரைத் தேடி அலைவார்கள். மார்ச்சில் இன்வாய்ஸ் போட்டால் ஏப்ரல் 20-க்குள் வரி கட்ட வேண்டும். பணமோ மே மாதமோ ஜூனிலோ வரும். ஜிஎஸ்டி டிடிஎஸ் அதற்கும் அடுத்த மாதம்தான் போர்ட்டலில் தெரியும். ஆக, ஒரே பில்லின் வரவு ஓர் ஆண்டிலும் பணம் அடுத்த ஆண்டிலும் விழும். வொர்க் ஆர்டரில் பணம் தரும் நிபந்தனையை வாசித்து, இன்வாய்ஸ் எந்தத் தேதியில் போட வேண்டும் என்று வேலை தொடங்கும்போதே ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்துகொண்டால் பாதிச் சிக்கல் இல்லை. பலர் மார்ச் 30-ஆம் தேதி ராத்திரி போன் செய்து கேட்கிறார்கள்.

மழை மாதங்களில் வேலை இல்லை, அதனால் ரிட்டர்ன் எதற்கு என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. வேலை இல்லாவிட்டாலும் வரவே இல்லை என்று காட்டும் 'நில்' ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.20 தாமதக் கட்டணம் ஏறும். 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே போட்டுவிடலாம். தொடர்ந்து ஆறு மாதம் போடாமல் விட்டால் பதிவையே ரத்து செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. பதிவு ரத்தானவர் பில்லைக் கொண்டுபோனால் கேஷியர் தொடமாட்டார்.

சைட் செலவு தனிக் கதை. நம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று தெரிந்தவர்கள், கலவைக்கும் கியூரிங்குக்கும் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். வேலை முடிவதற்குள் தண்ணீருக்கே நல்ல தொகை போய்விடும். தண்ணீர் லாரிக்காரர் பில் தரமாட்டார். டேங்கரில் வரும் தண்ணீருக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் கழித்துக்கொள்ள வேண்டிய வரி போகிறதே என்ற கவலை இல்லை. ஆனால் செலவுக்கு ஆதாரம் வேண்டும் இல்லையா? ஒரு வவுச்சர் போதும். தேதி, வண்டி எண், எத்தனை நடை, எந்த வேலை, டிரைவர் கையெழுத்து. ரூ.5,000-க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். கீழக்கரையில் ஒரு கான்ட்ராக்டர், எல்லோரும் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவார்கள், சட்டைப் பையிலேயே வவுச்சர் கட்டு வைத்திருப்பார். லாரி தண்ணீரை இறக்கிக்கொண்டிருக்கும்போதே பானெட் மேல் வைத்து எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் பணம் கொடுப்பார். தண்ணீர் பட்டு மை கலங்கிய வவுச்சர்கள் என் ஃபைலில் நிறைய இருக்கின்றன. அவற்றை எந்த அதிகாரி முன்னாலும் தயங்காமல் வைப்பேன்.

கூலியிலும் இப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நேரத்தில் கடலுக்குப் போகிற பையன்கள் சிலர் சித்தாள் வேலைக்கு வருவார்கள், பிறகு போய்விடுவார்கள். மேஸ்திரி கையில் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு 'கூலி' என்று ஒரே வரியில் எழுதினால் யார் யாருக்குப் போனது என்று எப்படிக் காட்டுவது? முழுக் கணக்கு வைத்து லாபம் காட்டுபவர்களுக்கு, ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரியில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பெயர், நாள், கூலி, கைநாட்டு என்று வாரச் சீட்டு ஒன்று போட்டால் போதும். மேஸ்திரிக்கே அது பாதுகாப்பு.

'44ஏடி போட்டுட்டா கணக்கே வேண்டாம்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. 44ஏடி என்று பழகிப்போன இந்த உத்தேச லாப முறையில், இரண்டு கோடி வரை வரவு உள்ளவர்கள், பாங்க் வழியாக வந்ததில் 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபம் காட்டினால் வருமான வரிக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லை. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு மூன்று கோடி. நல்ல வசதிதான், என் பார்ட்டிகளில் பலர் அதில் இருக்கிறார்கள். ஆனால் அந்த 6 சதவீதத்தைப் பில் தொகையில் போட வேண்டும், பிடித்தம் போக வந்ததில் போடக்கூடாது. ஜிஎஸ்டி சட்டமோ கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கச் சொல்கிறது, அதுவும் ஆண்டறிக்கைக் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம். ஒரு சட்டம் தந்த சலுகையை இன்னொரு சட்டத்துக்கும் சேர்த்து நினைத்துக்கொள்வதால் வருகிற கஷ்டம் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெண்டர் ஒருவர் பேரில், வேலை இன்னொருவர் கையில். இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். வேலை செய்கிறவர் தன் பேரில் சிமெண்டு வாங்குவார், அல்லது கடையில் பில் கேட்காமல் 'எஸ்டிமேட்' சீட்டோடு வந்துவிடுவார். வரி கட்ட வேண்டியதோ டெண்டர் எடுத்த லைசென்ஸ்காரர். அவருடைய ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லை வைத்து அவர் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. சிமெண்டுக்கு 28 சதவீதம் இருந்த காலத்தில் இப்படிப் போன வரி கொஞ்சநஞ்சமல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்திருக்கிறது, இருந்தாலும் இழப்பு இழப்புதான். மாதம் 14-ஆம் தேதி, கடைக்காரர்கள் நம் பேரில் காட்டிய பில்களின் பட்டியலான 2பி வந்ததும் கடை பில்களோடு ஒத்துப் பார்த்து, விடுபட்டதைக் கடைக்காரரிடம் அந்த வாரமே கேட்டால் தன் ரிட்டர்னில் போடுவார். அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 தாண்டினால் கேட்டும் பயனில்லை.

2022 ஜூலை 18-ல் அரசு வேலைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம் 18 ஆனபோது பட்ட பாடு மறக்காது. எஸ்டிமேட் பழைய வரியில், பில் புதிய வரியில். மீதி 6 சதவீதத்தை யார் தருவது? சில அலுவலகங்கள் திருத்திய எஸ்டிமேட் போட்டுத் தந்தன. ஓர் அலுவலகம் கடைசிவரை இழுத்தடித்தது. அங்கே பணம் வாங்க முடிந்தவர்கள், எந்த அளவு எந்தத் தேதியில் எம்.புக்கில் ஏறியது என்று காட்ட முடிந்தவர்கள் மட்டும்தான்.

அதனால்தான் ஒரு வேலைக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்கிறேன். மேலே வொர்க் ஆர்டர் எண், எம்.புக் பக்கம், பில் தேதி, முழுத் தொகை. கீழே ஒவ்வொரு பிடித்தமும் தனித்தனி வரியில், எதிரே அது திரும்பி வந்த தேதி. திரும்பி வராத தொழிலாளர் நல நிதி மாதிரியானவை தவிர, எதிரே காலியாக இருக்கிற இடங்கள்தான் இன்னும் வர வேண்டிய பணம். உச்சிப்புளி பக்கத்தில் ஒரு பெரியவர் இப்படித்தான் ஹார்டுவேர் கடை டைரியில் எழுதி வந்தார். போன வருடம் காலமாகிவிட்டார். அவர் மகனுக்கு இந்தத் தொழில் தெரியாது, டைரியோடு வந்தார். டெபாசிட்டுக்கு எதிரே காலியாக இருந்த பக்கங்களை எடுத்து, வாரிசுச் சான்றும் வொர்க் ஆர்டர் நகலும் வைத்து ஒவ்வோர் அலுவலகத்துக்கும் மனு எழுதிக் கொடுத்தோம். பெரும்பாலும் வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடச் சுவர் வேலையின் டெபாசிட் மட்டும் பாக்கி. ஃபைலைத் தேடி எடுத்துவிட்டார்களாம், திங்கட்கிழமை அந்த மகனைக் கூட்டிக்கொண்டு நானே போகிறேன்.