ப்ரீகாஸ்ட் ஆலையில் பயிற்சிக்காலம்: அச்சு முதல் இணைப்பு வரை

கட்டடப் பொறியியல் படிப்பின் ஒரு பகுதியாக முன்வார்ப்புக் கான்கிரீட் ஆலை ஒன்றில் ஆறு மாதம் பயிற்சி பெற்றேன். ப்ரீகாஸ்ட் என்று எல்லோரும் அழைக்கும் இத்துறைக்குப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் பெரும்பாலும் கலவை விகிதத்தையும், கான்கிரீட் கனசதுரத்தை நசுக்கி வலிமை அளக்கும் கியூப் சோதனையையும் படித்துக்கொண்டு செல்கிறார்கள். நானும் அப்படித்தான் சென்றேன். அவை தேவையானவையே. ஆனால் அங்கே நான் கற்றதில் பெரும்பகுதி, ஒரு சுவர்ப்பலகையோ உத்தரமோ கட்டடத்தில் போய் அமர்வதற்கு முன் என்னென்ன பாடுபடுகிறது என்பதைப் பற்றியது. களத்தில் ஊற்றும் கான்கிரீட் ஊற்றிய இடத்திலேயே இறுகி அங்கேயே நிலைத்துவிடுகிறது. ப்ரீகாஸ்ட் உறுப்போ முழு வலிமை வருவதற்கு முன்பே அச்சிலிருந்து தூக்கப்பட்டு, அடுக்கப்பட்டு, லாரியில் குலுங்கி, மீண்டும் கிரேனில் தொங்குகிறது. வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பயணத்தை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். புரியாத கம்பிகள் பலவற்றின் காரணம் அதில் புலப்படும்.

முதல் வாரங்களில் என்னை அச்சுச் சரிபார்ப்பில் நிறுத்தினார்கள். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட பலகையின் அச்சை டேப்பால் அளந்து, நான்கு பக்கமும் சரி என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மேற்பார்வையாளர் அதே டேப்பை மூலைக்கு மூலை பிடிக்கச் சொன்னார். இரு மூலைவிட்டங்களுக்கும் 18 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. ஒரு நீளப் பக்கம் 10 மில்லிமீட்டர் நகர்ந்து நின்றால் பக்க அளவுகளில் எதுவும் தெரியாது, மூலைவிட்டங்களில்தான் தெரியும்.

அதைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கண்டுபிடித்தோம். அடுத்த பிழை அப்படி முடியவில்லை. வரைபடம் சுவரை வெளியிலிருந்து பார்ப்பதாகக் காட்டியது. வெளிமுகம் வழவழப்பாக வர வேண்டும் என்பதற்காக அதைக் கீழ்நோக்கி வைத்து வார்ப்பதால், அச்சை மேலிருந்து பார்ப்பவருக்கு இடமும் வலமும் மாறிவிடும். அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த நான் இதை யோசிக்கவேயில்லை. வாசல் திறப்பு எதிர்ப்பக்கத்தில் அமைந்த பலகை ஒன்று உருவாகி, உடைக்கப்பட்டது. அன்றிலிருந்து எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும், இது எந்த முகத்திலிருந்து பார்த்தது, எந்த முகம் கீழே போகிறது என்ற இரண்டையும் பென்சிலால் ஓரத்தில் எழுதிய பிறகே அளக்கத் தொடங்கினேன்.

தூக்கும் நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். மேற்சொன்ன பலகை 150 மில்லிமீட்டர் தடிமன் என்றால் அதன் கனஅளவு 2.7 கனமீட்டர், கனமீட்டருக்கு 2.5 டன் என்று கொண்டால் ஏறக்குறைய 6.75 டன். அச்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இழுவையும் சேர்வதால், முதல் அசைவில் கொக்கிகள் தாங்குவது இந்த எடையைவிட அதிகம். அச்செண்ணெய் ஒழுங்காகப் பூசப்படாத இடத்தில் இன்னும் கூடும். பலகையைக் கிரேனோடு இணைக்கும் இரண்டு ஸ்லிங்குகளுக்கு (தூக்குவடங்களுக்கு) இடையிலான கோணம் 60 டிகிரியாக இருந்தால் ஒவ்வொன்றிலும் எடையின் 58 சதவீதம் விழும். 120 டிகிரியானால் ஒவ்வொன்றும் முழு எடையையே சுமக்கும். வகுப்பில் விசை முக்கோணமாகப் படித்தது கிரேனின் கீழே நிற்கும்போது எவ்வளவு கனமான செய்தி என்று உணர்ந்தேன். அடுக்கும்போது தாங்குகட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பதும் இதே கணக்குதான்.

எஃகு வடங்களை இழுத்துப் பிடித்தபடியே கான்கிரீட் ஊற்றும் முன்னழுத்தப் பிரிவில் குறைந்தது ஒரு வாரமாவது இருக்கக் கேளுங்கள். 12.7 மில்லிமீட்டர் ஸ்ட்ராண்டை (கம்பிகளை முறுக்கிய எஃகு வடத்தை) அதன் உடைவலிமையில் முக்கால் பங்குக்கு, அதாவது சுமார் 138 கிலோநியூட்டனுக்கு இழுத்தால், 100 மீட்டர் நீளத்தில் அது ஏறத்தாழ 72 சென்டிமீட்டர் நீளும். ஜாக்கின் அழுத்தமானி காட்டுவதையும் இந்த நீட்சியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்; இரண்டும் ஒத்துவராவிட்டால் பிடிமானம் நழுவியிருக்கலாம், அல்லது கம்பி எங்கோ உரசிக்கொண்டிருக்கலாம். இழுக்கும் வேளையில் ஸ்ட்ராண்டின் முனையைப் பிடித்திருக்கும் நங்கூரத்துக்கு நேர் பின்னால் எவரும் நிற்கக் கூடாது. இதை யாரும் சொல்வதற்கு முன்பே நீங்கள் கடைப்பிடியுங்கள்.

கியூப் சோதனையைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. இழுத்துப் பிடித்த ஸ்ட்ராண்டை விடுவிக்கலாமா என்று முடிவுசெய்யும் கியூப்கள் உறுப்போடு அதே வெப்பத்தில், அதே உறையின் கீழ் இருந்திருக்க வேண்டும். ஆய்வகத் தொட்டியில் வளர்ந்த கியூப் வேறு கான்கிரீட்டைப் பற்றிப் பேசும். நீராவியால் கான்கிரீட்டைப் பதப்படுத்தும் (கியூரிங்) ஆலையானால் வெப்பப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். வார்த்து முடித்துச் சில மணி நேரம் பொறுத்த பிறகே வெப்பத்தை மெதுவாக ஏற்றுவார்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டவிட்டால் எட்ரிங்கைட் என்ற படிகம் தாமதமாக உருவாகி, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து விரிசல் வரக்கூடும்.

கடைசி மாதத்தில் பொருத்தும் களத்துக்கு அனுப்பும்படி நானே கேட்டேன்; ஆலையிலேயே முடித்துக்கொண்டிருந்தால் பாதிப் படிப்போடு திரும்பியிருப்பேன். 1968 மே 16 அன்று லண்டனில் ப்ரீகாஸ்ட் பலகைகளால் கட்டப்பட்ட 22 மாடி ரோனன் பாயிண்ட் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தபோது, ஒரு மூலைச் சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட்டு, அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். ஒரு பலகை போனதும் மற்றவற்றைத் தாங்கிப்பிடிக்கும் பிணைப்பு அந்த இணைப்புகளில் இல்லை. களத்தில் பலகையைத் தூக்கி நிறுத்துவதைக் காணப் பலர் கூடுவார்கள்; இணைப்பில் கிரவுட் என்ற இளகிய சிமெண்டுக் கலவையை ஊற்றும்போது ஓரிருவரே இருப்பார்கள். நீங்கள் அந்த நேரத்தில் அங்கே இருந்து, கிரவுட் மறுமுனைத் துளையில் வெளிவருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.