14 நாள் கழித்தல் கணக்கு

"பெஸ்தாரி ஜெயாவுல ரெண்டு வாரம் பயிற்சியாம்மா" என்று போனில் சொன்னேன். அம்மாவுக்கு அந்தப் பேர் விளங்கவில்லை. "பழைய பத்தாங் பெர்ஜுந்தை" என்றதும், "ஐயோ, அந்தத் தோட்டக்காட்டுக்கா?" என்றார். 2007இல் ஊர்ப் பேரை மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்பது மலாய்க் கொச்சை தெரிந்தவர்களுக்குப் புரியும். பெற்ற தாயிடம் விளக்குகிற சங்கதி இல்லை அது.

பட்டர்வொர்த்திலிருந்து கம்பெனி வேன் கொண்டு வந்து கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. என்னிடம் மோட்டோவும் கிடையாது. முதல் சாயங்காலம் கடைத்தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். 12 நிமிடம். திரும்பி வந்தேன், 11 நிமிடம். மூன்றாம் தடவை போகும்போது மளிகைக் கடை அக்கா வெளியே வந்து, "எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா தம்பி?" என்றார்.

பயிற்சி செம்பனை எண்ணெய் ஆலையில். பழக்குலை ஏற்றிய லாரி எடை மேடையில் ஏறும்; எடையைக் கணினியில் பதிய வேண்டும். குலையைக் கொட்டிவிட்டு வெறும் லாரி திரும்பும். மறுபடி பதிய வேண்டும். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் பழத்தின் எடை. நான் மூன்றாம் வகுப்பில் படித்த கணக்கு. அதற்குத்தான் 14 நாள்.

மிச்ச நேரத்தை நிரப்பப் பயிற்சியாளர் செம்பனை வரலாறு சொன்னார். மலேசியாவில் செம்பனையை வியாபாரத்துக்கென்று முதலில் நட்டது இந்த ஊர்ப் பக்கம்தானாம். 1917இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பேர் தென்னமரம். நம் ஆட்கள் வைத்த பேராகத்தான் இருக்கும். செம்பனைக்குப் பேர்போன இடத்துக்குத் தென்னமரம் என்று வைக்க வேறு யாருக்கு வரும்? ஆக, எங்கெங்கோ பூரி பொரிகிற எண்ணெய்க்கு இந்த நாட்டில் பிள்ளையார் சுழி போட்ட ஊர் இது. எட்டு மணிக்கு மேல் என் தெருவில் ஒரு பூரி கேட்டுப் பாருங்கள், கிடைக்காது.

இன்னொன்றும் சொன்னார். செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்க ஒரு காலத்தில் ஆள் வைத்துக் கையால் தூவினார்களாம். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டு வந்து விட்டதும் அந்த வேலை ஒழிந்தது. வேலைக்காகத் தெரியாத ஊருக்கு அனுப்பப்பட்ட ஜீவன் நான் மட்டுமில்லை என்று கொஞ்சம் ஆறுதல். ஆனால் அதைச் சோடியோடு அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாம் ராத்திரி. ஆலை வாசம் ஜன்னல் வழியாக வருகிறது, வறுத்த கடலையும் புளித்த மாவும் கலந்த மாதிரி. திடீரென்று செம்பனைக் காட்டுப் பக்கம் ஒரு பெண் வீறிட்டாள். கொஞ்சம் விட்டு மறுபடி. விளக்கைப் போட்டுக்கொண்டு கந்த சஷ்டி கவசத்தைத் தெரிந்த நாலு வரிவரை சொன்னேன்.

காலையில் தே தாரிக் கடைக்குப் போனால், கடைக்கார அண்ணே "பசியாறியாச்சா?" என்றுகூடக் கேட்கவில்லை. "ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சுச்சாமே?" பக்கத்து மேசையில் ஆலைக் கிராணி சிரித்துவிட்டார். அது கூகை ஆந்தையாம். எலி பிடிக்கத் தோட்டத்தில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து அவர்களே வளர்க்கிறார்களாம். "சம்பளம் கேட்காது, எம்சி லீவு போடாது" என்றார்.

அன்றிலிருந்து ஊருக்கு நான்தான் சீரியல். முடி வெட்டப் போனால், "நேத்து ரொட்டி சானாய்க்கு மூணு தடவை கொழம்பு கேட்டீங்களாமே, வயிறு பரவாயில்லையா?" என்கிறார் முடிதிருத்துபவர். துணி துவைக்கிற கடையில் ஆன்ட்டி, "இதே நீலச் சட்டைதான் திங்கக்கிழமையும் போட்டீங்க" என்கிறார். எனக்கு அவர்கள் பேர்கூடத் தெரியாது. என் சட்டைக் கணக்கு அவர்களிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தே தாரிக் கடை அண்ணனிடம், "ஊர்ல பார்க்க என்னா இருக்கு?" என்றேன். "மின்மினிப் பூச்சி இருக்கே!" எங்கே? "கம்போங் குவாந்தான், கோல சிலாங்கூர் பக்கம்." நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? "சேச்சே, கடையை யாரு பார்க்கிறது?" பேசாமல் தெருவின் கடைசிவரை நடந்தேன். 10 நிமிடம். தேறிவிட்டேன்.

கடைசி நாள் காலையில் பில் கேட்டால் அண்ணே காசு வாங்கவில்லை. நாசி லெமாக் ஒரு பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து, "அடுத்த மாசம் சேர்த்துக் கொடுங்க" என்றார்.

"அடுத்த மாசமா? பயிற்சி முடிஞ்சிருச்சுண்ணே."

"ரெண்டாம் பாகம் இருக்காமே. மூணு வாரம்."

ஆபீஸிலிருந்து மின்னஞ்சல் மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தது.