கம்யூனிட்டி டென்டிஸ்ட்ரி பேப்பர்: ஒரு மாவட்டத்தை வைத்து முழு சிலபஸையும் படித்த கதை

பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) கடைசி வருடத்தில் கம்யூனிட்டி டென்டிஸ்ட்ரியை, அதாவது ஒரு ஊரின் மொத்தப் பல் ஆரோக்கியத்தைப் பார்க்கும் பாடத்தை, எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். சர்ஜரி, கன்சர்வேட்டிவ் (பல் அடைப்பது), புராஸ்தோ (செயற்கைப் பல்) என்று செய்து காட்ட வேண்டிய கேஸ் கோட்டா முடிக்க ஓடும் ஓட்டத்தில் "கம்யூனிட்டிதானே, ஸ்டடி லீவில் பார்த்துக்கலாம், கதை எழுதிடலாம்" என்று ஒரு நினைப்பு. கதை எழுதினால் பாஸ் ஆகலாம், அதற்கு மேல் ஏறாது. நான் வேறு மாதிரி படித்தேன், நன்றாகவே பலித்தது. இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருப்பதால் ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

வழி இதுதான்: ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் அந்த ஊருக்குக் கொண்டுபோய் "இது இங்கே எப்படி இருக்கும்?" என்று கேட்பது. எங்கள் கல்லூரி கேம்ப் அடிக்கடி தர்மபுரி பக்கம் போகும் என்பதால் எனக்கு தர்மபுரி. உங்களுக்கு ராமநாதபுரமோ நீலகிரியோ எதுவாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் நேரில் போய் வாய் பார்த்த ஊராக இருக்கட்டும்.

முதலில் அந்தப் பெரிய கேள்வி. "இன்றைய பல் மருத்துவம் எதிர்கொள்ளும் பொதுச் சுகாதாரச் சவால்களை விவரி" என்று ஏதாவது ஒரு உருவத்தில் வரும். பாதிப் பேர் உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியத்துக்குக் கொடுத்த வரையறையிலேயே அரைப் பக்கத்தை ஓட்டிவிடுவார்கள். பேப்பர் திருத்துகிறவர் அதை அன்றைக்கு எத்தனை முறை படித்திருப்பாரோ! எண்ணில் ஆரம்பியுங்கள். அதே நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய் ஆரோக்கிய அறிக்கையின்படி உலகத்தில் சுமார் 350 கோடி பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருக்கிறது. நிலைப்பற்களில் சிகிச்சை பெறாத சொத்தை மட்டும் சுமார் 200 கோடி பேருக்கு, கடுமையான ஈறு நோய் சுமார் 100 கோடி பேருக்கு. பாதிக்கப்பட்ட நான்கு பேரில் மூன்று பேர் நடுத்தர வருமான நாடுகளில், அதாவது நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே கேள்வியைப் போடுங்கள்: காரணம் தெரிந்த, பெரும்பாலும் தடுக்கக்கூடிய ஒரு நோய் ஏன் இன்னும் உலகத்திலேயே அதிகம் பேருக்கு இருக்கிறது? தண்ணீர், சர்க்கரை, புகையிலை, பணம், ஆள் பற்றாக்குறை என்று மீதிப் பதில் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தர்மபுரி என்றாலே நிலத்தடி நீரில் அளவுக்கு மேல் இருக்கும் ஃப்ளூரைடுதான். ஒரு அரசுப் பள்ளியில் கேம்ப். பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், மேல் முன்பற்களில் காபி நிறக் கறை, நடுநடுவே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு. அவன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒழுங்கா பல்லே வெளக்க மாட்டேங்கறான் டாக்டரம்மா, நாலு திட்டு திட்டுங்க" என்றார். அவன் விளக்காமல் இல்லை. செங்கல்லைப் பொடி செய்து அந்தக் கறை போகிற வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான், எனாமல்தான் தேய்ந்திருந்தது. என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "காவேரித் தண்ணி வந்தா அது, வரலைன்னா போர் தண்ணி. நாங்க நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம்." கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதை அந்த அம்மாவுக்குப் புரிய வைக்க எடுத்த நேரத்தில், ஃப்ளூரோசிஸ் (அதிக ஃப்ளூரைடால் பல்லும் எலும்பும் கெடுவது) அத்தியாயம் எனக்கு மனப்பாடமே தேவையில்லாமல் ஏறிவிட்டது.

அந்த ஒரு பையனை வைத்து எத்தனை கேள்விக்குப் பதில் எழுதலாம் என்று பாருங்கள். டீன் இன்டெக்ஸ், ஒருவருடைய ஃப்ளூரோசிஸ் எவ்வளவு என்று அளப்பது: மிக அதிகம் பாதிக்கப்பட்ட இரண்டு பற்களைப் பார்க்கிறோம், இரண்டும் ஒரே அளவில் இல்லையென்றால் குறைவாகப் பாதிக்கப்பட்டதற்குத்தான் ஸ்கோர். இதை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்காத எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கிடையாது. ஊர் முழுக்கச் சேர்த்துப் போடும் கம்யூனிட்டி ஃப்ளூரோசிஸ் இன்டெக்ஸ் 0.6-ஐத் தாண்டினால் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை. குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்று இந்திய தர நிர்ணய அமைப்பு சொல்கிறது. நீக்குவதற்கு நல்கொண்டா முறை: நாக்பூரில் இருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது, படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கலக்கித் தெளியவைத்து வடிகட்டுவது. பெரிய அளவில் செய்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தொடங்கியது, தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர். அதன் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. ஒரு பல் நோய்க்காகவும் எலும்பு நோய்க்காகவும் இத்தனை பெரிய குழாய்த் திட்டம் போட்ட உதாரணம் நம் ஊரிலேயே இருக்கும்போது, ஏன் எல்லோரும் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸை மட்டும் எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

கிராண்ட் ராபிட்ஸும் வேண்டும்தான், விடச் சொல்லவில்லை. 1945 ஜனவரியில், சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃப்ளூரைடு சேர்த்த முதல் ஊர் அது. ஆனால் அமெரிக்காவில் கேள்வி "எவ்வளவு சேர்ப்பது", தர்மபுரியில் கேள்வி "எப்படி எடுப்பது". வெயில் ஊரில் ஆட்கள் அதிகம் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால் உகந்த அளவு குறைய வேண்டும் என்பதற்குத்தான் காலகன், வெர்மிலியன் சூத்திரத்தில் வெப்பநிலை வருகிறது. அமெரிக்காவே 2015-ல் எல்லா ஊருக்கும் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று இறக்கிவிட்டது. "இந்தியாவுக்குக் குடிநீர் ஃப்ளூரைடேஷன் பொருந்துமா?" என்று வைவாவில் கேட்டால் இந்த இரண்டு வரியைச் சொல்லுங்கள், முகம் மலரும்.

அடுத்து டி.எம்.எஃப்.டி., ஒருவருடைய சொத்தை, பிடுங்கிய, அடைத்த பற்களைக் கூட்டிய எண். கொண்டுவந்தவர்கள் கிளைன், பால்மர், நட்சன், 1938. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அந்த எண்ணைப் பிரித்துப் படிப்பது. எங்கள் கேம்ப் ஷீட்டுகளைக் கூட்டினால் சொத்தை கட்டம் நிறைந்திருக்கும், பெரியவர்களிடம் பிடுங்கிய பல் கட்டம் நிறைந்திருக்கும், அடைத்த பல் என்ற கட்டம் கிட்டத்தட்டக் காலி. ஒரே சராசரி வரும் வேறொரு நாட்டில் பாதி அடைத்த பற்களாக இருக்கலாம். எண் ஒன்றுதான், நிலைமை வேறு. சராசரி இன்னொன்றையும் மறைக்கும்: சில பிள்ளைகளுக்குச் சொத்தையே இருக்காது, சிலருக்கு எட்டுப் பத்து. அதற்காகத்தான் பிராத்தால் 2000-ல் சிக் இன்டெக்ஸ் கொண்டுவந்தார், மோசமான மூன்றில் ஒரு பங்குப் பேரின் சராசரியை மட்டும் எடுப்பது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நடத்திய 2002-03 தேசிய ஆய்வில் 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்குச் சொத்தை. ரொம்பப் பழைய ஆய்வு, இருந்தாலும் எழுதலாம், வருடத்தைச் சேர்த்து எழுதுங்கள்.

ஏன் அடைத்த பல் இல்லை? கேம்புக்கு வரும் ஆட்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும். வலி வந்தால்தான் வருவார்கள், வந்தால் "புடுங்கிடுங்க" என்பார்கள். ரூட் கேனால் என்றால் மூன்று நாலு முறை வரணும், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, கூட ஒரு ஆள். ஒரு பாட்டி என்னிடம், "பல்லுக்குப் போய் ரெண்டு நாள் களைவெட்டு விடறதா?" என்று கேட்டார், எனக்குப் பதில் இல்லை. நாட்டில் 300-க்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, வருடாவருடம் ஆயிரக்கணக்கில் வெளியே வருகிறோம், நகரத்தில் தெருவுக்கு இரண்டு கிளினிக், கிராமத்தில் ஆள் இல்லை. விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று பேப்பர் முழுக்க எழுதுவது எனக்குப் பிடிக்காது. அந்தப் பாட்டிக்கு விழிப்புணர்வு நன்றாகவே இருந்தது, கணக்கும் தெரிந்திருந்தது.

இங்கேதான் ஏ.ஆர்.டி.யைக் கொண்டுவர வேண்டும். 80-களில் தான்சானியாவில் ஆரம்பித்த முறை, மின்சாரமும் டிரில்லும் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளை வைப்பது, ஒரே தடவையில் முடியும். அப்புறம் சில்வர் டயமின் ஃப்ளூரைடு என்ற திரவம், தடவினால் சொத்தை பெரும்பாலும் நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கருப்பாகும். முன்பல்லில் தடவினால் அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள், அதையும் குறையாக எழுதுங்கள். ஃப்ளூரைடு பேஸ்ட், இந்த டயமின், கிளாஸ் அயனோமர் மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதே வருடம்தான் உலக சுகாதார மாநாட்டில் வாய் ஆரோக்கியத் தீர்மானமும் நிறைவேறியது. இரண்டையும் சேர்த்து எழுதினால் அப்டேட்டாக இருக்கும்.

புகையிலை. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு புகையிலை, அதில் மெல்லும் வகை மட்டும் 21.4 சதவீதம். புகைப்பதைவிட மெல்லுவது இரண்டு மடங்கு, நம் நாட்டு வாய்ப் புற்றுநோய்க்கு அதுதான் பெரிய காரணம். புகையிலை சேர்க்காத பாக்குகூட புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. வகைப்படுத்திவிட்டது, "நான் போயிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று வரும் ஆளிடம் வாயைத் திறந்து மூன்று விரல் வைக்கச் சொல்லிப் பாருங்கள், சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் (பாக்கால் வாயின் உட்பக்கம் இறுகிப்போகும் நோய்) முற்றியிருந்தால் ரெண்டு விரல்கூடப் போகாது. இந்தப் பகுதிக்கு ஒரு ஆய்வு மட்டும் மறக்காதீர்கள்: 1996-ல் திருவனந்தபுரத்தில் ஆரம்பித்தது, முடிவு 2005-ல் வந்தது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீட்டுக்குப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள், புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு குறைந்தது. தமிழ்நாட்டில் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு டார்ச்சும் இருந்தால் என்ன என்று பதிலில் ஒரு வரி எழுதினேன். என் சொந்தக் கருத்துதான், தப்பில்லை, எழுதலாம்.

சர்க்கரைக்கு விப்பேஹோம் ஆய்வு போதும். ஸ்வீடனில் மனவளர்ச்சி குன்றியவர்களின் காப்பகத்தில் ஒட்டும் டாஃபி கொடுத்துப் பார்த்த ஆய்வு. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு ஒட்டுகிறது என்பது முக்கியம் என்று காட்டியது. அது நடந்த விதம் அநியாயம் என்பதையும் எத்திக்ஸ் கேள்வியில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

"நவீன" என்று கேள்வியில் இருந்தால் தொற்றுத் தடுப்பை விட்டுவிடாதீர்கள். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வந்து எட்டுப் பேர் இறந்தார்கள், 2025-ல் ஆய்வாக வெளிவந்தது. சலைன் பாட்டிலை ஸ்டெரிலைஸ் செய்யாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல், திரும்பத் திரும்ப உபயோகித்தது காரணமாகச் சுட்டப்பட்டது. லேசரும் இம்பிளான்டும் அப்புறம், சலைன் பாட்டில் முதலில். இதைப் படித்த நாளிலிருந்து கேம்பில் யாராவது மிச்ச பாட்டிலை "நாளைக்கு ஆகும்" என்று எடுத்து வைத்தால் நான் சத்தம் போடுகிறேன், சிலருக்கு என்மேல் கோபம்கூட. அமால்கமும் (பாதரசம் கலந்த பல் அடைப்பு) இதே "நவீன" தலைப்பில் வரும்: பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்தம், 2022-ல் பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் தவிர்க்கச் சொன்ன முடிவு, ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து நிறுத்தியது. மாற்றாக வரும் காம்போசிட் என்ற பல் நிற அடைப்பின் விலை யார் தலையில் விழும் என்பதைத் தொட்டுவிட்டுப் போங்கள்.

புள்ளியியலைக் கணக்கு போட்டுத்தான் படிக்கணும், பார்த்துப் படித்தால் நிற்காது. சட்டத்தில் 1948 டென்டிஸ்ட்ஸ் ஆக்ட்டும் அதற்குப் பதிலாக வந்த 2023 தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டமும். பற்களில் ஃப்ளூரைடு தடவும் நட்சன் முறையில் 3, 7, 11, 13 வயது எதற்கென்று யோசியுங்கள், அந்தந்த வயதில் புதிதாக முளைத்த பற்களைப் பிடிக்கத்தான், இது தெரிந்தால் எண்கள் மறக்காது.

பிராக்டிக்கலில் ஓ.எச்.ஐ.-எஸ். (வாய்ச் சுத்தத்தை அளப்பது) எடுக்கும்போது ஆறு பற்களில் தலா ஒரு பரப்பு, அதில் 36, 46 (கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப் பற்கள்) இரண்டுக்கும் நாக்குப் பக்கம், பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் கன்னப் பக்கமே பார்த்துவிடுவார்கள். ஹெல்த் டாக் இருந்தால் தமிழில் வீட்டில் யாரிடமாவது பேசிப் பழகிவிட்டுப் போங்கள், பாட்டி, சித்தி யாராவது. அவர்கள் நடுவில் எழுந்து போகாமல் கேட்டால் பேஷண்டும் கேட்பார். கேம்ப் ஷீட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரெக்கார்டு சமர்ப்பித்த பிறகு டிபார்ட்மென்டில் திரும்பக் கேட்டு வாங்குவது பெரிய பாடு.