விட்டு விட்டு வரைந்த கோடுகள்

பெரிய கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் தண்ணீரைக் குளிர்வித்துத் தரும் மெஷின் சில்லர். அதோடு வரும் வயரிங் படத்தில் இரண்டு வகைக் கோடுகள் இருக்கும். முழுக்கோடு, கம்பெனியிலேயே இழுத்து சோதித்து அனுப்பியது. விட்டு விட்டு வரைந்த கோடு, சைட்டில் நாம் இழுக்க வேண்டியது. கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டுப் பக்கத்திலும் பல வருடம் இந்த வேலையைப் பார்த்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்வேன். "மெஷின் சரியில்லை" என்று எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை அந்த விட்டு விட்டு வரைந்த கோட்டில்தான் போய் முடிந்தன.

காரணம் சிக்கலானதல்ல. பம்ப் ஒரு காண்ட்ராக்டர், பைப் இன்னொருவர், எலக்ட்ரிக்கல் பேனல் வேறொருவர், கட்டடக் கண்ட்ரோல் சிஸ்டத்துக்குத் தனியாக ஒரு கம்பெனி. சென்சார் கம்பி இவர்கள் எல்லோருடைய எல்லையையும் தாண்டிப் போகிறது. அதனால் அது யாருடைய வேலையாகவும் ஆவதில்லை. கடைசி வாரத்தில் ஒரு ஹெல்பரிடம் கேபிள் கட்டைக் கொடுத்து, "சாயங்காலத்துக்குள்ள இழுத்துடுப்பா" என்பார்கள்.

ஃப்ளோ சுவிட்சையே எடுத்துக்கொள்வோம். எவாப்பரேட்டரில், அதாவது சில்லருக்குள் தண்ணீர் குளிரும் பகுதியில், தண்ணீர் ஓடுகிறது என்று மெஷினுக்குச் சாட்சி சொல்வது அதுதான். பம்ப் ஸ்டார்ட்டரின் துணைக் காண்டாக்டையும் அதையும் சீரிஸில் போடுவோம், இரண்டும் சேர்ந்தால்தான் மெஷின் ஓடும். ஸ்டார்ட்டர் இழுத்திருந்தால் பம்புக்குக் கரண்ட் போகிறது என்று மட்டுமே அர்த்தம். வால்வு மூடியிருக்கலாம், ஸ்ட்ரெய்னர் என்னும் வடிகட்டி அடைத்திருக்கலாம், பைப்பில் காற்று நிற்கலாம். தண்ணீர் ஓடாமல் கம்ப்ரஸர் மட்டும் ஓடினால் டியூபுக்குள் தண்ணீர் உறைந்துவிடும். உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். டியூப் வெடித்து, குளிரூட்டும் கேஸ் போகும் பாதையில் தண்ணீர் நுழைந்துவிட்டால் கம்ப்ரஸரையும் சேர்த்து இழக்க வேண்டியதுதான்.

புதுச்சேரியில் ஒரு ஹோட்டல் பிளான்ட் ரூமில் ஆபரேட்டர் சந்தோஷமாகச் சொன்னார்: "முன்னாடி அடிக்கடி ட்ரிப் ஆகும்ணே. ஒரு வயர் போட்டு விட்டாங்க, இப்ப ஒண்ணும் இல்ல." பேனலைத் திறந்தேன். ஃப்ளோ சுவிட்சின் இரண்டு டெர்மினலையும் சேர்த்து ஒரு சின்னக் கம்பித் துண்டு. தண்ணீர் ஓடாவிட்டாலும் ஓடுகிறது என்றே மெஷினுக்குத் தெரியும். சுவிட்சில் கோளாறே இல்லை. பைப் திரும்பும் எல்போவை ஒட்டினாற்போல் அதை மாட்டியிருந்தார்கள். வளைவில் சுழலும் தண்ணீரில், பைப்புக்குள் நிற்கும் சுவிட்சின் துடுப்பு நடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. முன்னும் பின்னும் பைப் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு நேர்ப் பைப் வேண்டும். 6 அங்குலப் பைப் என்றால் இரு பக்கமும் இரண்டரை அடி. இடம் மாற்றினோம், ட்ரிப் நின்றது. அந்தக் கம்பித் துண்டைப் போட்டவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அவருக்கு மிச்சமானது அரை நாள் வெல்டிங் வேலை. பணயம் வைத்தது ஒரு முழு மெஷினை.

சென்சார் கம்பியின் நீளம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இரண்டு சில்லரின் தண்ணீர் சேரும் பொதுப் பைப்பில் (ஹெடர்) போடும் பி.டி.100 என்ற வெப்பநிலை சென்சார் 0 டிகிரியில் 100 ஓம் காட்டும், டிகிரிக்கு 0.385 ஓம் வீதம் ஏறும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 18 ஓம். சென்சார் 30 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 60 மீட்டர், அதாவது 1 ஓமுக்குச் சற்று மேல். இரண்டே கம்பியில் இழுத்தால் கிட்டத்தட்ட 3 டிகிரி கூடுதலாகக் காட்டும். நாம் 7 டிகிரி கேட்டால் தண்ணீர் 4-க்கு இறங்கும் வரை மெஷினை ஓட விடும். சில்லரின் சொந்த சென்சார் அதற்குள் பயந்து நிறுத்தினால், பழி மெஷின் மேல். மூன்றாவது கம்பி ஒன்று இருந்தால் கண்ட்ரோலர் கம்பியின் ஓமைக் கழித்துக்கொள்ளும். அந்த ஒரு கம்பியில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கடலூருக்கென்று இன்னொரு தொல்லை உண்டு, உப்புக் காற்று. சிப்காட்டுக்கு ஒரு பக்கம் உப்பனாறு, அந்தப் பக்கம் கடல். 7 டிகிரி பைப்பில் நிற்கும் சென்சார் தலைக்குள் அந்த ஈரக்காற்று புகுந்தால் உள்ளேயே வியர்க்கும். அங்கே 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் என்ற இன்னொரு வகை வெப்பநிலை சென்சார் இருந்தால், குளிரக் குளிர ஓம் கூட வேண்டும். 7 டிகிரியில் ஏறத்தாழ 23 கிலோ ஓம். உப்பு ஈரம் டெர்மினலுக்கு நடுவே கரண்ட் கசியவிட்டால் ஓம் குறைந்து, தண்ணீர் சூடாக இருப்பதாகக் காட்டும். அங்கே கம்பி நீளம், இங்கே ஈரம். இரண்டு தவறும் மெஷினை ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன, உறைநிலையை நோக்கி. இது தெரிந்த பிறகு, கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்டை நான் சாதாரணமாகப் பார்த்ததே இல்லை. கேபிள் கீழிருந்து நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிப் போவதற்கு. கேபிள் வரும் கண்டியூட் குழாயின் வாயை அடைக்க வேண்டும்.

சென்சார் கேபிளைச் சுற்றியுள்ள ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்வது, மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யின் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் படுக்கவிடாதது, இதெல்லாம் எல்லா மேனுவலிலும் இருக்கிறது. படித்தால் போதும்.

ஒப்படைக்கும் நாளில் மேனேஜரைவிட இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் பக்கத்தில் இருப்பதைத்தான் விரும்புவேன். சென்சாரைக் கழற்றி, ஐஸ் போட்ட தண்ணீரில் முக்கி 0 காட்டுகிறதா என்று அவரையே படிக்கச் சொல்வேன். பிறகு மெஷின் ஓடும்போதே வால்வை மெல்ல அவர் கையால் மூடச் சொல்வேன். ஒரு தம்பி தயங்கினார்: "சார், மெஷின் நின்னுடுமே?" "நிக்கணும் தம்பி. எங்க வச்சு நிக்குதுன்னு பாத்துக்கோங்க." கேஜில் முள் எங்கே இருந்தபோது நின்றது என்பதை அவரே பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதினார்.